கேட்டால்தான் கிடைக்கும்: பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

ஒவ்வொரு ஆண்டும் எங்கள் துறைக்குப் புது ஜூனியர்கள் வந்ததும் சீனியர்களிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். எந்த விருப்பப் பாடம் எடுக்கலாம், எந்த ஆசிரியர் நன்றாக நடத்துவார், நோட்ஸ் யாரிடம் கிடைக்கும். கேட்க வேண்டியதுதான், நானும் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் அதே ஜூனியர் ஒன்றரை வருடம் கழித்து வந்து, "இப்படி ஒரு வசதி இங்கே இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லையே அக்கா" என்று சொல்லும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். கட்டணத்தோடு சேர்த்து அதற்கும் பணம் கட்டியாகிவிட்டது, வசதியும் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார். யாருக்காக அது இருக்கிறதோ அவர்தான் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. ஆராய்ச்சி மாணவியாக இங்கேயே தங்கிவிட்டதில் எனக்குத் தெரிய வந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் யாராவது வகுப்புக்கே வந்து சொல்லிவிடுவார்கள். படிவம் வரும், கடைசித் தேதி கரும்பலகையில் இருக்கும், கொடுக்காவிட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் யாரும் தேடி வர மாட்டார்கள். அக்கறை இல்லாததால் அப்படி என்று நினைக்காதீர்கள், இந்த அமைப்பே மாணவர் கேட்டு வருவார் என்ற எதிர்பார்ப்பில்தான் ஓடுகிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்களே, இங்கே அது அப்படியே நடக்கும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள்தான் குடும்பத்திலேயே முதலில் பல்கலைக்கழகம் வந்தவர்களாகவும் இருக்கிறார்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படித்திருந்தால் இதெல்லாம் பேச்சுவாக்கில் காதில் விழுந்திருக்கும். அப்படி யாரும் இல்லாதவர்கள் என்னை அந்த அக்காவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்ன விஷயங்கள். சேர்ந்தவுடன் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி ஒன்று கொடுப்பார்கள், பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதைத் தினமும் பாருங்கள், தேர்வுப் பதிவு, உதவித்தொகை, அறை ஒதுக்கீடு என்று பல அறிவிப்புகள் அதற்கு மட்டும்தான் வரும். அந்த முகவரிக்கு இன்னொரு பயனும் உண்டு. மாணவர் என்பதற்கு அதுவே சான்று. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் மாணவர்களுக்கென்று மென்பொருள் தொகுப்பு ஒன்றை இலவசமாகத் தருகிறது, ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் நிரல் எழுதும் கருவிகளும் படிக்கும் காலத்தில் இலவசம், மேட்லேப் போன்ற விலை அதிகமான மென்பொருள்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வளாகம் முழுவதற்கும் உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. உங்கள் கணினி மையத்தில் போய் "மாணவர்களுக்கு என்னென்ன மென்பொருள் இருக்கிறது, பட்டியல் கிடைக்குமா" என்று கேளுங்கள். அப்படியே எடுரோம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதில் சேர்ந்திருக்கும் எந்தக் கல்வி நிறுவனத்துக்குப் போனாலும் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை வைத்தே அங்கே வைஃபை கிடைக்கும். கருத்தரங்குக்கு வெளியூர் போகும்போது இதன் அருமை தெரியும்.

அடுத்தது, விதிமுறைப் புத்தகம். சலிப்பான வாசிப்புதான், ஆனாலும் ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். எத்தனை கிரெடிட் வேண்டும், வருகைப்பதிவு எவ்வளவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது, மருத்துவச் சான்று எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், எடுத்த பாடத்தை எந்தத் தேதி வரை விட்டுவிடலாம், மறுமதிப்பீட்டுக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஐந்தும் தெரிந்திருந்தால் போதும். இவற்றை வாய்வழியாகக் கேட்டு நம்பாதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சீனியர் சொல்வது அவர் சேர்ந்த ஆண்டின் விதியாக இருக்கும். நான் சொன்னாலும் சரி, எழுத்தில் இருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது நூலகம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் வசதிகளிலேயே பெரியது இதுதான், ஆனால் பலருக்கு அது தேர்வுக்கு முன்னால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிற இடம் மட்டும்தான்.

நூலக அறிவியலின் அடிப்படைகளை வகுத்தவர்களில் ஒருவர் நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றைக்கும் உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் விதி, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே. நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இந்த நான்காவதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நூலகரிடம் போய்க் கேட்டால் தொந்தரவாக நினைப்பாரோ என்று பலர் தயங்குகிறார்கள். அவருடைய தொழிலின் விதியே உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதுதான்.

அலமாரிப் பக்கம் போனால் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். நிறைய நூலகங்களில் அது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறைப்படி இருக்கும். 500 என்றால் அறிவியல், அதற்குள் 510 கணிதம், அதற்குள் 519.5 புள்ளியியல். புள்ளி தாண்டிப் போகப் போகப் பொருள் குறுகிக்கொண்டே போகும். சில நூலகங்களில் எழுத்தில் தொடங்கும் வேறு முறை இருக்கலாம், சிலவற்றில் ரங்கநாதனே உருவாக்கிய கோலன் பகுப்பு முறைகூட இருக்கலாம், ஆனால் எல்லா முறைக்கும் நோக்கம் ஒன்றுதான், ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு புத்தகத்தின் எண்ணைக் கணினியில் பார்த்துக்கொண்டு நேராக அந்த அலமாரிக்குப் போய், அந்தப் புத்தகத்தை எடுத்த பிறகு உடனே திரும்பி வராமல், அதற்கு இடப்பக்கம் ஒரு கை நீளமும் வலப்பக்கம் ஒரு கை நீளமும் இருக்கிற புத்தகங்களின் பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வகுப்பில் யாரும் பெயர் சொல்லாத, ஆனால் உங்களுக்குப் புரிகிற நடையில் எழுதப்பட்ட ஒரு புத்தகம் அங்கே இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பாடநூல் ஒன்று புரியவில்லை என்றால் பாடமே புரியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதே பாடத்தை வேறொருவர் வேறு வரிசையில் சொல்லியிருப்பார்.

தேடுவதைப் பற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். என் தோழி ஒருத்திக்குத் தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்பதைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை அப்படியே தேடல் பெட்டியில் போட்டுப் பார்த்தாள், பல ஆயிரம் கட்டுரைகள் வந்து நின்றன. எங்கள் துறைக்கான நூலகரிடம் போனோம். அவர் கணினியைத் தொடவே இல்லை. ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் தூக்கம் என்பதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எல்லாச் சொற்களையும் எழுதச் சொன்னார்: தூக்கமின்மை, தூக்க இழப்பு, தூக்கக் கட்டுப்பாடு. இரண்டாவதில் நினைவு தொடர்பானவை. மூன்றாவதில் யாரைப் பற்றி, அதாவது கல்லூரி மாணவர்கள், இளையோர். "ஒரே கட்டத்துக்குள் இருப்பதை ஆர் (OR) போட்டு இணையுங்கள், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஆண்ட் (AND) போடுங்கள், இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், சொல்லின் வேரை எழுதி நட்சத்திரக் குறி போட்டால் அதிலிருந்து வரும் எல்லா வடிவங்களும் வரும்." அவ்வளவுதான் சொன்னார். அப்படித் தேடியபோது வந்த பட்டியல், உட்கார்ந்து தலைப்புகளைப் படித்துப் பார்க்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அப்புறம் அவர் இன்னொன்றும் காட்டினார். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதிலிருந்து இரண்டு திசையில் போகலாம். அதன் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பிடித்தால் பின்னோக்கிப் பழைய ஆய்வுகளுக்குப் போகலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எத்தனை என்று ஓர் எண் இருக்கும், அதை அழுத்தினால் முன்னோக்கிப் புதிய ஆய்வுகளுக்கு வரலாம். தீசிஸ் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு திசைத் தேடலை முதல் மாதத்திலேயே பழகிக்கொண்டால் பின்னால் கைடு "இதைப் பார்த்தீர்களா" என்று கேட்கும்போது திணற வேண்டியதில்லை.

ஹாஸ்டலிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒரு கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கும், வளாகத்துக்குள் திறந்தால் அதே கட்டுரை இலவசமாக வரும். பல்கலைக்கழகத்தின் இணைய இணைப்பிலிருந்து வருகிறீர்களா என்று பார்த்துப் பதிப்பகங்கள் உள்ளே விடுவதால்தான் இப்படி. வெளியிலிருந்து போவதற்கும் நூலகத் தளத்தின் வழியாக ஒரு உள்நுழைவு பெரும்பாலும் இருக்கும், எப்படி என்று கேட்டுவிடுங்கள். தயவுசெய்து யாரும் சொந்தப் பணம் கட்டி ஒரு கட்டுரையையும் வாங்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை என்றாலும் வழிகள் இருக்கின்றன. கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்றப் பதிப்புகள் என்று ஒரு இணைப்பு இருக்கும், அதில் ஆசிரியரே தன் பக்கத்தில் ஏற்றி வைத்த பிரதி கிடைக்கலாம். அன்பேவால் என்று ஒரு உலாவி நீட்சி இருக்கிறது, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால், ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை ஏற்றி வைக்கும் ஆர்கைவ் (arXiv) தளத்தில் பாருங்கள். 1991இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கியது, இன்றைக்கும் யாரும் எங்கிருந்தும் படிக்கலாம். எதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே மரியாதையாக நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள். இதழ் கேட்கும் பணத்தில் அவருக்கு எதுவும் போவதில்லை, தன் ஆய்வை ஒரு மாணவர் படிக்க ஆசைப்படுகிறார் என்றால் பலர் சந்தோஷமாக அனுப்பி வைப்பார்கள். கடைசியாக நூலகங்களுக்கிடையேயான இரவல். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இன்னொரு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள், அல்லது வேண்டிய அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பச் சொல்வார்கள். ஒரு படிவம் நிரப்ப வேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய உதவிக்கு இந்தக் காத்திருப்பு ஒன்றுமே இல்லை.

கிடைத்த கட்டுரை நம்பத் தகுந்ததா என்று பார்ப்பதும் நம் வேலைதான். அச்சில் வந்துவிட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது, இதழே அதை 2010இல் முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் அந்தக் கருத்து எவ்வளவு தூரம் பரவியது, எத்தனை பெற்றோரைப் பயமுறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் மேற்கோள் காட்டப் போகும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று இதழின் பக்கத்திலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் மேற்கோள் பட்டியல் கேட்டால், இல்லாத கட்டுரையைக்கூட ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் போட்டு அச்சு அசலாகக் கொடுத்துவிடும். பார்த்தால் சந்தேகமே வராது. இப்போது வரும் பெரும்பாலான கட்டுரைகளுக்கு டிஓஐ (DOI) என்ற ஒரு நிரந்தர எண் இருக்கும், 10 என்று தொடங்கி ஒரு புள்ளி வரும். அதை டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள், அந்தக் கட்டுரையே திறக்க வேண்டும். எண்ணே இல்லாத பழைய கட்டுரை என்றால் இதழின் தொகுதியைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கண்ணில் படாத கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள், இதில் நான் கறாராகத்தான் இருப்பேன். அந்தக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம், ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஒருவர் மொழிநடையைத் திருத்திக்கொள்ள அனுமதிப்பார், இன்னொருவர் அறவே கூடாது என்பார். அசைன்மென்ட் கொடுக்கும் அன்றே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுத்தில்.

சேர்த்த கட்டுரைகளை வைத்துக்கொள்ள ஜொட்டேரோ போதும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த இலவச மென்பொருள். உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் விவரங்களோடு கோப்பும் வந்து சேர்ந்துவிடும், எழுதும்போது மேற்கோளைச் செருகினால் கடைசியில் பட்டியல் தானாக உருவாகும். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் எழுதியதை வேறு முறைக்கு மாற்றச் சொன்னால் ஒரு தேர்வை மாற்றினால் போதும், முழுப் பட்டியலும் மாறிவிடும். சேமித்து வைத்திருக்கும் கட்டுரை ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்பில் எச்சரிக்கையும் காட்டும். முதல் அசைன்மென்டிலிருந்தே தொடங்கிவிடுங்கள், தீசிஸ் வந்த பிறகு தொடங்குவது சிரமம்.

தீசிஸ் என்றதும் நகல் நினைவுக்கு வருகிறது. முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறுவேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். மடிக்கணினியும் அதன் பையிலேயே கிடக்கும் பென்டிரைவும் இரண்டு இடம் ஆகாது, பை தொலைந்தால் இரண்டும் போய்விடும். பல்கலைக்கழகம் தரும் மேகச் சேமிப்பில் (கிளவுட்) ஒன்றை வைத்துவிடுங்கள்.

அடுத்து, ஆசிரியர்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க என்று வாரத்தில் நேரம் ஒதுக்கி அறைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் தவிர மற்ற நாளில் அந்த அறை காலியாகத்தான் இருக்கும். "ஒன்றுமே புரியவில்லை சார்" என்று போய் நின்றால் அவருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. ஒரு கணக்கை நீங்கள் எந்த வரி வரை போட்டீர்கள், எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று எழுதிய தாளோடு போங்கள். கட்டுரை என்றால், படித்ததை நான்கு வரியில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி, "நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா மேடம்" என்று காட்டுங்கள். வகுப்பில் அறுபது பேருக்கு நடத்தும்போது சொல்ல முடியாததை அந்தப் பத்து நிமிடத்தில் சொல்வார்கள். எந்த ஆய்வுகூடத்தில் ஆள் தேவைப்படுகிறது, எந்தக் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்பதெல்லாம் அறிவிப்புப் பலகைக்கு வருவதற்கு முன்பே இப்படிப் பேசும்போதுதான் தெரிய வரும்.

பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால், உங்கள் முகமும் வேலையும் தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்கள், பெரிய பெயர் உள்ளவர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போகாதீர்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கேட்பதுதான் முறை. கேட்கும்போதே எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன ப்ராஜெக்ட் செய்தீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். "எனக்கு நல்லபடியாக எழுத உங்களால் முடியுமா சார்" என்று நேராகக் கேட்பதில் தவறே இல்லை. தயங்கினார் என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.

படிக்கும் முறையைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் நம்புவது ஒன்றைத்தான், அதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதையே மறுபடி மறுபடி செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அந்த உணர்வுதான் நம்மை ஏமாற்றுகிறது. அதனால் ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதுங்கள், விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். பழைய வினாத்தாள்கள் நூலகத்தில் தொகுத்து வைத்திருப்பார்கள், அவற்றைக் கடைசி நேரத்துக்கு என்று ஒதுக்காமல் செமஸ்டர் நடுவிலேயே நேரம் குறித்து எழுதிப் பாருங்கள். இரவு முழுக்க விழித்துப் படிப்பது வேண்டாம். படித்தது மூளையில் நிலைபெறத் தூக்கம் பெரிதும் உதவுகிறது, அதை வெட்டிவிட்டால் படித்த நேரமும் சேர்ந்தே வீணாகும்.

பணம். உதவித்தொகை என்றாலே முதல் மதிப்பெண்காரர்களுக்கு என்று நினைக்காதீர்கள். வருமான அடிப்படையில், துறை அடிப்படையில், கருத்தரங்குப் பயணத்துக்கு என்று தனித்தனியாக இருக்கும், சிலவற்றுக்கு விண்ணப்பிக்கவே யாரும் இருக்க மாட்டார்கள். கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் கடைசித் தேதிக்கு முன்பே போய்த் தவணை கேளுங்கள். தேதி தாண்டிய பிறகு போனால் அந்த அலுவலர் மனது வைத்தாலும் செய்ய முடியாத நிலை வந்துவிடும்.

இப்போது எழுதப்போவதை இங்கே படிக்கிறவர்களில் சிலருக்காகவாவது நிதானமாக எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் தனிமை வரும். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர் இங்கே நடுவில் இருப்பார், புது மொழியில் பாடம் நடக்கும், வீட்டுக்குப் போன் செய்தால் கவலைப்படுவார்களே என்று எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். காலையில் எழுந்திருக்க முடியாமல், சாப்பிடப் பிடிக்காமல், வகுப்புக்குப் போகாமல் வாரக்கணக்கில் போனால் அது சோம்பேறித்தனமாக இருக்காது. மனநல ஆலோசகர் உங்கள் வளாகத்திலேயே இருக்கலாம், சுகாதார மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ரகசியம் காப்பாற்றப்படுமா, யாருக்குத் தெரியும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு நண்பரை வாசல் வரை கூட்டிக்கொண்டு போங்கள். நானும் அப்படிச் சிலரோடு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. உங்களுக்கே ஆபத்து என்று தோன்றும் அளவுக்குப் போனால் ஆலோசகரின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே வார்டனையோ அவசர உதவியையோ பக்கத்து அறைக்காரரையோ எழுப்புங்கள், நேரம் எதுவாக இருந்தாலும்.

ஒரு பாடத்தை விட்டுவிடுவது, ஒரு செமஸ்டர் விடுப்பு எடுப்பது இரண்டுமே விதிமுறைகளில் இருக்கும் வழிகள்தான். அரியர் மேல் அரியராகக் குவிந்து திணறுவதைவிட முறையாக விடுப்பு வாங்கித் திரும்பி வருவது எவ்வளவோ மேல். அதேபோல, பார்வை, கேட்டல், எழுதுவதில் சிரமம், நீண்ட நாள் நோய் என்று எது இருந்தாலும் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகள் கேட்கலாம். இதற்குச் சான்றிதழ் வேலைகள் இருப்பதால் செமஸ்டர் தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.

ராகிங்கோ பாலியல் தொந்தரவோ நடந்தால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பே ஒன்று செய்யுங்கள்: தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், செய்திகளை அழிக்காமல் படமெடுத்துத் தனியாக வையுங்கள். முடிவு உங்களுடையது, அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புகாரை விசாரிக்கும் சில குழுக்கள் அதற்குக் கால வரம்பு வைத்திருக்கும், அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு ஜூனியர் வந்து இதைச் சொன்னால், நம்புங்கள், அவரைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடைசிச் செமஸ்டரில் இருப்பவர்களுக்குச் சில வேலைகள். படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் பல்கலைக்கழக மின்னஞ்சலை மூடிவிடக்கூடும். அதை வைத்துப் பதிவு செய்த எல்லாக் கணக்குகளையும் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள், மேகத்தில் இருக்கும் கோப்புகளை இறக்குங்கள். ஆய்வுப் பக்கம் போகிறவர்கள், ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான், பதினாறு இலக்கம். பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிற நம்மவர்களுக்கு இது மிகவும் தேவை, நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. மதிப்பெண் பட்டியலின் சான்றளித்த பிரதிகளைக் கூடுதலாக வாங்கி வையுங்கள், வெளியே போன பிறகு வாங்குவதற்கு அலைச்சல் அதிகம். முன்னாள் மாணவர்களுக்குப் பல நூலகங்களில் தனி அட்டை உண்டு, அதில் புத்தகம் எடுக்கவோ உள்ளே உட்கார்ந்து இதழ்களைப் படிக்கவோ விடுவார்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் கையெழுத்து வாங்க எப்படியும் நூலகத்துக்குப் போகத்தான் வேண்டும், அப்போதே அந்த அட்டைக்கான படிவத்தையும் கேட்டு நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.